பேட்டரி போச்சு என்றால், எது போச்சு?

ராமநாதபுரம் கடற்கரையோரம் காலையில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், சுற்றி நிற்பவர்கள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "பேட்டரி போயிருச்சு." கீழக்கரையானாலும் தொண்டியானாலும் மண்டபமானாலும் இதே பேச்சு. மதியத்துக்குள் புது பேட்டரி மாட்டியாகிவிடும். சில சமயம் அதோடு தொல்லை தீரும். சில சமயம் ஒரே மாதத்தில் அதே கார் அதே இடத்தில் மறுபடி நிற்கும். அப்போது பழி கடைக்காரர் தலையில் விழும்.

அந்தத் தீர்ப்புக்குள் மூன்று கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. பேட்டரியில் சார்ஜ் மட்டும் தீர்ந்திருக்கலாம். பேட்டரிக்கே ஆயுள் முடிந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் இணைப்பில் உப்பேறியிருக்கலாம். புது பேட்டரி தேவைப்படுவது இரண்டாவதுக்கு மட்டும்தான். அப்படியே மாற்றினாலும், இன்றைய கார்களில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. மாற்றிய விஷயம் காருக்கும் தெரிய வேண்டும்.

## கண்மாயும் மடையும்

பேட்டரியை நம் மாவட்டத்துக் கண்மாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். அந்தச் சொலவடையில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. நாரையே பறந்து கடக்க முடியாத பரப்பு என்பது எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதற்கு. நாற்பத்தெட்டு மடை என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு வெளியே விடலாம் என்பதற்கு. இரண்டும் வேறு வேறு.

பேட்டரிக்கும் அதே இரண்டு அளவுகள் உண்டு. கொள்ளளவைச் சொல்வது ஆம்பியர்-அவர். சிறிய பெட்ரோல் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மின்சாரம் கொடுக்கும் என்று பொருள். மடையைச் சொல்வது சிசிஏ, அதாவது கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்: கடுங்குளிரில் 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ள முடியும் என்ற அளவு. இதைச் சோதிக்கும் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. நம் ஊரில் அந்தக் குளிருக்கு மீன் கம்பெனியின் ஃப்ரீசர் அறைக்குள்தான் போக வேண்டும். ஆனாலும் ஒரு பேட்டரியை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண் உதவும்.

எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், பெட்ரோல் வண்டியிலேயே நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். டீசலுக்கு இன்னும் அதிகம். நேரம் என்னவோ ஒன்றிரண்டு விநாடிதான். எனவே ஸ்டார்ட் ஆவதற்கு முக்கியம் மடை. நிறுத்தி வைத்த வண்டி எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு முக்கியம் கொள்ளளவு.

தண்ணீர் மட்டத்தைக் காட்டுவது வோல்ட். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் மல்ட்டிமீட்டர் வைத்தால், 12.6 வோல்ட் என்பது நிறைந்த பேட்டரி, 12.2 என்பது ஏறக்குறைய பாதி; 12-க்குக் கீழே போனால் அடிமட்டம். கண்மாய்க்கு வரத்துக்கால் எப்படியோ அப்படி, பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் வழியாகச் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் கருவி அது. அது வேலை செய்யும்போது பேட்டரி முனையில் பெரும்பாலும் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும்.

ஓடும்போது மீட்டர் பலகையில் சிவப்பாக எரியும் பேட்டரி விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது "பேட்டரி போச்சு" என்று சொல்வதில்லை. "வரத்து நின்றுவிட்டது" என்கிறது. பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தது தெரியாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும். அந்த விளக்கைப் பார்த்துப் புது பேட்டரி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். புதியதும் ஒரே நாளில் காலியாகும்.

சுருக்கமாக: ஆம்பியர்-அவர் கொள்ளளவு, சிசிஏ மடை, வோல்ட் நீர்மட்டம், ஆல்டர்னேட்டர் வரத்துக்கால்.

## வண்டல் படிவது எப்படி

1859-ல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடும் ஈய டை ஆக்சைடுத் தகடும், தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். ஓர் அறை சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6.

மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகள் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்து, அமிலம் பழையபடி கெட்டியாகிறது. இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. காலியான பேட்டரியைப் பல நாள் அப்படியே போட்டுவைத்தால், மெல்லிய சல்பேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இதற்குப் பெயர் சல்பேஷன். பேட்டரியின் வண்டல் இதுதான்.

வண்டல் மேடிட்ட கண்மாயில் ஒரு நல்ல மழைக்கே நீர்மட்டம் கரையைத் தொடும். பார்க்க நிறைந்திருக்கும், தண்ணீர் கொஞ்சம்தான். ஆயுள் முடிந்த பேட்டரியும் அப்படியே. மீட்டர் 12.6 காட்டும், ஸ்டார்ட் செய்தால் படுத்துவிடும். "வோல்ட் கரெக்டா இருக்கே காக்கா, பேட்டரி எப்படிப் போகும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சும்மா இருக்கும்போது பார்த்த வோல்ட் பாதிக் கதைதான். ஸ்டார்ட் அடிக்கும் அந்த நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் மீதி. முழு சார்ஜில் இருந்த பேட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் அதன் காலம் முடிகிறது என்று சந்தேகிக்கலாம். பேட்டரி கடைகளில் லோட் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது இதைத்தான்.

வெயிலும் சும்மா விடுவதில்லை. பேட்டரியின் வெப்பநிலை எட்டுப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. சூட்டில் உள்ளே இருக்கும் ஈயக் கம்பிவலை வேகமாக அரிக்கிறது, தண்ணீர் ஆவியாகிறது. நம் பக்கத்து வெயிலில், எஞ்சினுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பேட்டரி குளிர்ப் பிரதேசத்து வண்டியில் இருப்பதைப் போல உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

## நின்றபடியே காலியாகும் கார்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் வீட்டு ஷெட்டில் நிற்கும். ஊருக்கு வந்து இறங்கும் அன்று வண்டி எடுக்காது. "ஓட்டவே இல்லையே, பேட்டரி எப்படித் தேயும்?" என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி.

பூட்டி நிறுத்திய காரும் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், ரிமோட் சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி, கடிகாரம், கணினிகளின் நினைவகம் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது சாதாரணம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். நிறைந்திருந்த 35 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாக இரண்டு வாரம், முழுதாகக் காலியாக ஒரு மாதம். பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா, வெளியில் வாங்கிய மியூசிக் சிஸ்டம் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

காலியாகி ஓரிரு நாளே ஆன பேட்டரியை மாற்றத் தேவையில்லை. சார்ஜர் வைத்து நான்கைந்து ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றினால் திரும்பிவிடும். வேறு வண்டியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் செய்து, ராமநாதபுரம் வரை போய்வந்தால் நிறைந்துவிடும் என்று நம்புவதுதான் தவறு. அரை மணி ஓட்டத்தில் அடிமட்டத்திலிருந்து நிறைவுக்கு வராது. மூன்று மாதம் காலியாகவே கிடந்தது என்றால் கதை வேறு, வண்டல் இறுகியிருக்கும். நீண்ட நாள் ஊரில் இல்லாதவர்கள் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், அல்லது பராமரிப்பு சார்ஜர் ஒன்றை மாட்டி வைக்கலாம். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயன் மிகக் குறைவு.

## உப்புக் காற்று பிடிக்கும் இடம்

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றுபோனதற்கு இரும்பு அரிப்புதான் காரணம். பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அந்தக் காற்றுதான் நம் பானெட்டுக்குள்ளும் புகுகிறது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த வயர் காரின் உடம்புக்கும், இன்னொன்று எஞ்சினுக்கும் போகும். மெக்கானிக்குகள் இதை எர்த் வயர் என்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் இருநூறு ஆம்பியரும் இதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். இதன் போல்ட் இருக்கும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து துருவேறினால், பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போய்ச் சேராது. வெளியே பார்த்தால் போல்ட் இறுக்கமாகவே இருக்கும். துரு அதற்கு அடியில்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. மல்ட்டிமீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் பளிச்சென்ற உலோகப் பகுதியிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்பசோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வாஸ்லினை முனையை இறுக்கிய பிறகு வெளிப்பக்கமாகத் தடவ வேண்டும்.

புது பேட்டரி விலை கேட்பதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள் என்பேன். கடலோர வண்டிகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் கடலோரக் காற்றில் நிறுத்திவிட்டு வரும் கார்களுக்கு அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவுவதும் இதில் சேர்த்தி.

இதுவரை: சார்ஜ் தீர்ந்தால் ஏற்று. இணைப்பு அரித்தால் சுத்தம் செய். நிறைய சார்ஜ் இருந்தும், இணைப்பு நன்றாக இருந்தும் ஸ்டார்ட்டில் படுத்தால் மட்டும் மாற்று.

## கார் வைத்திருக்கும் கணக்கு

அம்பாசடர் காலத்தில் ஆல்டர்னேட்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை: எஞ்சின் ஓடினால் ஒரே மாதிரி மின்சாரம் அனுப்புவது. இன்றைய பல கார்களில் நெகட்டிவ் முனையின் கிளாம்ப்போடு சேர்ந்தே தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி சென்சார் இருக்கும். உள்ளே போகும் மின்சாரம், வெளியே வரும் மின்சாரம், வோல்ட், சூடு எல்லாவற்றையும் அது அளந்து காரின் கணினிக்குச் சொல்லும். எப்போது, எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்று கணினி முடிவு செய்யும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரத்தைக் குறைத்து எஞ்சினுக்குச் சுமையை மிச்சப்படுத்தும். பிரேக் பிடித்து வேகம் குறையும்போது வீணாகும் விசையில் சார்ஜ் ஏற்றும். அதற்கு இடம் வேண்டுமென்று சில கார்கள் பேட்டரியை முழுதாக நிரப்பாமலே வைத்திருக்கும். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து, கிளட்ச் மிதித்ததும் உயிர் பெறும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியும் இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது. அந்த வசதி திடீரென்று வேலை செய்யாமல் போனால், பல சமயம் அதுவே பேட்டரி களைத்துவிட்டதன் முதல் அறிகுறி.

கண்மாய்க்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். எந்த மடையில் எவ்வளவு வரும், எங்கே மேடு தட்டியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவருக்குச் சொல்லாமல் ஓர் இரவில் கண்மாயைத் தூர்வாரிவிட்டால், மறுநாளும் அவர் பழைய கணக்கிலேயே மடை திறப்பார். காரின் கணினியும் அப்படித்தான். நாலு வருஷம் தேய்ந்த பேட்டரி என்ற நினைப்பிலேயே புதியதற்கும் சார்ஜ் ஏற்றும். அதன் ஆயுள் குறையும், ஸ்டார்ட்-ஸ்டாப் முரண்டு பிடிக்கும்.

"புது பேட்டரி மாட்டியாச்சு" என்று கணினியில் பதிவு செய்வதற்குப் பெயர் பேட்டரி ரிஜிஸ்ட்ரேஷன். பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஸ்கேனர் கருவி இணைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். வேறு சில கார்களில் சென்சார் தானாகவே கற்றுக்கொள்ளும். சில மணி நேரம் வண்டியைப் பூட்டி அசைக்காமல் விட்டால் போதும். சிறிய சாதாரணக் கார்களில் இந்தச் சிக்கலே கிடையாது. உங்கள் கார் எந்த வகை என்பது அதன் கையேட்டில் இருக்கும். இதற்காகவாவது அந்தப் புத்தகத்தை ஒருமுறை திறக்கலாம்.

## எந்த பேட்டரி வாங்குவது

பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்துகளே வழிகாட்டி. 38B20L என்று இருந்தால் அது ஜப்பானிய அளவு முறை: முதல் எண் திறன் வரிசை, நடு எழுத்து அகல உயரம், அடுத்தது சென்டிமீட்டரில் நீளம், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பது. டின் 55, டின் 65 போன்றவை ஜெர்மன் முறை. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் பாசிட்டிவ் வயர் எட்டாது. இழுத்து மாட்டிய வயர் உரசித் தேயும்.

ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்று அச்சிட்ட பேட்டரி வரும். இஎஃப்பி என்பது அடிக்கடி ஏறி இறங்கும் சார்ஜைத் தாங்கும்படி தகடுகளை வலுப்படுத்திய சாதாரண அமில பேட்டரி. ஏஜிஎம்-மில் அமிலம் கண்ணாடி நார் மெத்தையில் ஊறியிருக்கும். திறக்கவோ தண்ணீர் ஊற்றவோ முடியாது. இருந்தது இஎஃப்பி என்றால் இஎஃப்பி, ஏஜிஎம் என்றால் ஏஜிஎம். விலை குறைவு என்று சாதாரணத்தை மாட்டினால் ஓடும், சீக்கிரம் படுக்கும். சேமித்த காசு அதோடு போகும்.

நாட்டுப்படகில் விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வைத்திருக்கும் பேட்டரியையோ வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையோ காரில் வைக்கலாமா என்பது நம் கரையில் அடிக்கடி கேட்கும் கேள்வி. மெதுவாக, நீண்ட நேரம் மின்சாரம் கொடுக்கும் பேட்டரிகளில் தகடு தடிமனாக இருக்கும். கார் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய. முன்னது கொள்ளளவுக்கு, பின்னது மடைக்கு. இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே கெடும்.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் தூங்கிய பேட்டரி தானாகவே சார்ஜ் இழந்திருக்கும்.

## மாற்றும் வரிசை

வண்டியை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மோதிரம், பிரேஸ்லெட் இருந்தால் கழற்றுங்கள்.

முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ்: முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவைக் கழற்றாமல் பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்து, அது பக்கத்துத் தகரத்தில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுக்கும், கையும் பழுக்கும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது.

நெகட்டிவ் கிளாம்ப்பில் சென்சார் இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், மெல்லிய சாதனம். பேட்டரி பத்து, பதினைந்து கிலோ இருக்கும், சாய்க்காமல் தூக்குங்கள். தட்டில் தேங்கிய உப்பையும் மண்ணையும் துடைத்துவிட்டுப் புதியதை வைத்து, பிடிப்புக் கம்பியை இறுக்குங்கள். குலுங்கும் பேட்டரியில் தகடு உதிரும். சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும் பேட்டரிக்கு வாயு வெளியேற ஒரு சிறு குழாய் இருக்கும். அதை மறக்காமல் செருக வேண்டும்.

மாட்டிய பின் கடிகாரம் தவறும். கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறாது; முழுதாக ஏற்றி பட்டனைச் சில விநாடி பிடித்தால் பெரும்பாலும் சரியாகும். ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் கொஞ்சம் ஓட்டியதும் அணையும். இவை கோளாறுகள் அல்ல.

## விட்டுவிட வேண்டிய வித்தைகள்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்த்து, வண்டி அணையாவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேட்டரி விலகிய நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்ட் பல பத்துக்குத் தாவும், கணினி கருகும். அந்தக் கணினியின் விலையில் பல பேட்டரிகள் வாங்கலாம். மீட்டர் வைத்து 13.8 வருகிறதா என்று பார்த்தால் அதே விடை கிடைக்கும்.

தண்ணீர் குறைந்த பேட்டரியில் ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். ஆவியானது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு தகட்டைத் தின்னும்.

இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் கொடுக்கும்போது கடைசிக் கருப்புக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் முனையில் போடாமல், எஞ்சினின் உலோகத்தில் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். பொறி அங்கே பறக்கக் கூடாது. சென்சார் உள்ள வண்டியில் அதன் கணக்கும் இதனால் தவறாது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கதவுப் பூட்டையும் கணினியையும் எழுப்புவது ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது காலியானால் கார் கல்லாக நிற்கும். அதை மாற்றும் முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்யலாம். ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது, அவற்றில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

## கழற்றிய பேட்டரி

பழையதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கி மறுபடி பயன்படுத்தக் கூடியது என்பதால் கடைக்காரர் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி நூறு, இருநூறு கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் அமிலத்தை மணலில் கொட்டி, தகட்டைத் திறந்த வெளியில் உருக்கினால் ஈயம் நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் போகும். கடையிலேயே கொடுத்துவிட்டு, கழித்த தொகையும் வாரண்டி தேதியும் பில்லில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.